திரைக்குள் போன வாத்தியார்

மத்தியாஸின் கல்லறையில் அந்த வருடமும் மெழுகுவர்த்தி எரிந்தது குற்றாலலிங்கம் சாரால்தான்.

கல்லறைத் திருநாள் அன்றைக்குப் பார்த்துக் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. கேன்டீனில் யாரும் லீவு கேட்கக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். புருஷன் மத்தியாஸை உவரியில் அடக்கம் செய்த நாளிலிருந்து, கேன்டீனில் சமைக்கிற லூர்து மேரி அந்தத் திருநாளைத் தவற விட்டதே இல்லை. கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டு வருவாள். அன்றைக்கு அரிசி களைந்துகொண்டே வாசலையும் சாலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த சார் அதைக் கவனித்துவிட்டார்.

"உவரி பஸ்ஸு இன்னும் போயிருக்காதுல்லா அக்கா? நீங்க கிளம்புங்க. பந்தியை நான் பாத்துக்கிடுதேன்."

"ஐயோ சார், நீங்களா?"

"ஏன், எனக்குச் சோறு போடத் தெரியாதா?" என்றவர் கழுத்தில் தொங்கிய டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்துவிட்டார்.

மறுநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காவலாளி கொம்பையாதான் பிறகு ஒரு நாள் சொன்னார். ஆய்வுக்கு வந்த பெரிய மனுஷர்களுக்கு எம்.பி.ஏ. வாத்தியார் சாம்பார் ஊற்றினாராம். முதல்வர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நான்தான் அந்த அக்காவை அனுப்புனேன்" என்றாராம். அதற்கு ஒரு மெமோவும் வாங்கினாராம். அன்றிலிருந்து லூர்து மேரியின் செபத்தில் அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. அவர் வேற்றுச் சாமி கும்பிடுகிறவர்தான். ஆண்டவர் அதற்காகக் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

குற்றாலலிங்கத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தைத்துப் படிக்க வைத்தார். மதுரையில் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தார். "பக்கத்து நாற்காலிக்காரன்கூட மெயில்லதான் பேசுதான். அங்கன நமக்குச் சரிப்படல" என்று திரும்பி வந்து வாத்தியார் ஆனார்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவர். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால், இவர் பிள்ளைகளைக் களக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வாழைத்தார் ஏலத்தில் நிறுத்துவார். "வாயைத் திறக்காம தலையை மட்டும் ஆட்டுதாரே, அந்த அண்ணாச்சியைப் பாருங்க. விலை அவர் கையிலதான் இருக்கு. ஏன்னு நாளைக்குச் சொல்லணும்" என்பார். லூர்து மேரிதான் புளியோதரை கட்டிக் கொடுப்பாள். வகுப்பில் ஒன்றைச் சொல்லி முடித்ததும், "கேளுங்க. தப்பாக் கேட்டாலும் பரவால்ல, கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது வாயைத் திறக்கும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். இடைவேளையிலும் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வதால் அவரால் கேன்டீனுக்கு வர முடியாது. அதனால் பதினொரு மணி டீயை லூர்து மேரியே வகுப்பு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அப்படிப்பட்ட மனுஷன் வந்து மாட்டியது எந்த மாதிரி இடத்தில் என்றால், சொல்லவே நாக்குக் கூசுகிறது. இரண்டு போகம் விளைந்த ஆற்றுப்பாசன வயலில் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கி, முகப்பில் கண்ணாடி வைத்துக் கட்டிய கல்லூரி அது. அடுத்த முறை ஆய்வு வந்தபோது லூர்து மேரி கண்ணாலேயே பார்த்தாள். காலையில் வேனில் புத்தகங்கள் வந்து இறங்கின. சாயங்காலம் அதே வேனில் ஏறிப் போயின. கோட்டுப் போட்டுக்கொண்டு முன்பின் பார்த்திராத ஆட்கள் வந்து பேராசிரியர் என்று பலகை வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் வீடு வீடாக இன்சூரன்ஸ் பிடிக்கிறவர். அவளுடைய அண்ணனுக்கே பாலிசி போட்டுக் கொடுத்தவர். பந்தியில் அவளைப் பார்த்ததும் அப்பளத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஏ மேரி, எனக்கும் ஒரு கோட்டுக் கேட்டிருக்கேன். டாக்டர் கொம்பையான்னு பலகை அடிச்சா நல்லாத்தான் இருக்கும், என்ன?" என்றார் கொம்பையா.

"சும்மா இரிங்க அண்ணாச்சி. பொய்யின்னு தெரிஞ்சே இவியளுக்குப் பரிமாறுதேன். குமட்டுது எனக்கு."

கோடை வந்துவிட்டால் வாத்தியார்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்துக்கொண்டு வர வேண்டும். ஆள் சேர்க்காவிட்டால் சம்பளம் நிற்கும். குற்றாலலிங்கம் சாரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, நோட்டீஸ் கட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு, பத்தமடை, களக்காடு என்று வெயிலில் அலைவார். ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். அப்படி ஒரு வைகாசி மாதம் பாளையங்கோட்டையில் லூர்து மேரி குடியிருந்த வாடகை வீட்டுக்கும் வந்தார்.

அவளுடைய ஒரே மகள் ஜெர்லின் பி.காம். முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எங்கே, எப்படி என்பதில்தான் வீட்டில் தினமும் சண்டை. பக்கத்து வீட்டு எப்சி ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் அதே படிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளும் அங்கே இருந்தாள்.

"மேரிக்கா, நான் டூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போதே பாடம் கேட்டுருதேன். ஞாயித்துக்கிழமை நேர்வகுப்பும் உண்டு. சந்தேகத்தை எழுதி வச்சுக்கிட்டுப் போனா, அங்கன ஒரு சார் உக்காந்து பதில் சொல்லுதாவ. ஜெர்லினும் வேலையை விடாம படிக்கலாம்லா?"

லூர்து மேரி ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். படிப்பு என்றால் காலையில் குளித்து, பை மாட்டி, ஓர் இடத்துக்குப் போய் உட்கார்வது. அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"கொரோனா நேரத்துல போன்ல பூசை பாத்தோம்லா, எப்சி. சாமியார் பிரசங்கம் கேட்டுச்சு, பாட்டுக் கேட்டுச்சு. நன்மை அப்பம் வாங்க முடிஞ்சுதா? நாக்கை நீட்டுனா போனுக்குள்ள இருந்து அப்பம் வருமா?"

"அது சரி. கோயிலுக்கே போயி கடைசி பெஞ்சுல உக்காந்து தூங்குதவங்களுக்கு மட்டும் முழுப் பலனும் கெடைச்சிருமாக்கும்?"

"ஏட்டி, என்னையச் சொல்லுதியா?"

சார் சிரித்துவிட்டார். ஜெர்லின் அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார். எது நல்லது?" என்று கேட்டாள்.

தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "எப்சி படிக்குத படிப்பு மட்டம் கிடையாது. வேலையோட படிக்கதுக்கு அது நல்லதுதான். ஆனா நேர்ல வந்தா நீ நெனச்ச நேரத்துல கேக்கலாம். கேட்டுக்கிட்டே இருக்கலாம். நான் இருக்கேன்லா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் லூர்து மேரி சேர்த்துவிட்டாள். கல்லூரியின் கண்ணாடிக்காக இல்லை, பஸ்ஸுக்காகவும் இல்லை. ஜெர்லின் கடை வேலையை விட்டாள். பத்தாவதிலிருந்து பி.காம். வரைக்குமான அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லூரியில் வாத்தியார்களின் சான்றிதழும் அதே இரும்புப் பெட்டிக்குள்தான் கிடந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விடக் கூடாதாம். மாட்டைக் கட்டிப்போடுவது போலத்தான்.

இதற்கிடையில் தாளாளரின் மருமகன் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். இனிமேல் நம் கல்லூரியும் ஆன்லைனில் பட்டம் தரும் என்றான். கம்ப்யூட்டர் அறையில் வீடியோ எடுக்கப் பச்சைத் துணி கட்டினார்கள். குற்றாலலிங்கம் சாருக்கு யாருடைய கோட்டையோ மாட்டி, தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் ஊக்குக் குத்தி, கேமரா முன்னால் நிறுத்தினார்கள். தண்ணீர் கொண்டுபோன லூர்து மேரி பார்த்தாள். எதிரே ஒரு பிள்ளை கிடையாது. பச்சைத் துணிக்கு முன்னால் நின்று சார் பாடம் நடத்தினார். நடத்திவிட்டு வழக்கம்போல, "கேளுங்க, தப்பாக் கேட்டாலும் பரவால்ல" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், நிறுத்தாதீங்க. யாரு கேக்கப் போறா?" என்றான் கேமராக்காரன்.

"கேக்கவனுக்கு யோசிக்க நேரம் வேண்டாமா தம்பி?" என்றார் சார்.

வெளியே வந்ததும் லூர்து மேரியிடம், "ஓமன்ல வேலை பாக்கவன், பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இருக்கவ, இவங்களுக்கெல்லாம் போய்ச் சேரும்லா அக்கா. நல்ல காரியம்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஆவணி வரைக்கும், கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று விடாமல் பேசிக் கொடுத்தார்.

ஆவணி மாதம் லூர்து மேரி வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்தப் போனாள். மகளுக்கு நல்ல படிப்புக் கிடைத்ததற்கு நன்றி சொல்லவும்தான். திருவிழா முடிந்து ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் ஜெர்லினுக்கு முதல் வகுப்பு. மகள் கல்லூரி பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். இவள் டவுன் பஸ் பிடித்துப் பின்வாசல் வழியாக நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். கொம்பையாவைக்கூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு மாடியிலிருந்து சாரின் குரல் கேட்டது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? டீயை ஆற்றி, சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டு வந்த பொரிகடலையையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள். உள்ளே மகள் உட்கார்ந்திருக்கிறாள், சார் பாடம் நடத்துகிறார் என்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. "கேளுங்க. தப்பாக் கேட்டாலும் பரவால்ல, கேளுங்க" என்ற குரல் வந்து, பிறகு சத்தமே இல்லை. சார் நிறுத்திவிட்டார், இதுதான் நேரம் என்று கதவைத் தள்ளிக்கொண்டு, "சார், டீ" என்றாள்.

சுவர் முழுக்கச் சார் இருந்தார். அந்தத் தொளதொளத்த கோட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஜெர்லின் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். கேளுங்க என்றதும் இவளும் தூக்கியிருக்கிறாள். அம்மாவைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கியது.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டை கட்டிய பையன் எழுந்து வந்தான். வருகைப்பதிவு எடுப்பதும் வீடியோவை ஓட விடுவதும்தான் அவன் வேலை. "அக்கா, அது வீடியோ. வைங்க, டீயை நான் குடிச்சுக்கிடுதேன்."

"சார் எங்க?"

"அவரு வேலையை விட்டுட்டாரு."

லூர்து மேரி டீயை அவனிடம் கொடுக்கவில்லை. படியில் இறங்கும்போது டம்ளர் சாய்ந்து முந்தானையெல்லாம் டீயாகிவிட்டது. பின்னால் சாரின் குரல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

"விடவா செஞ்சாரு?" என்றார் வாசலில் இருந்த கொம்பையா. "நீ வேளாங்கண்ணிக்குப் போன பொறவுதான், கடைசிப் பாடம் பேசி முடிச்ச மறுநாள் கூப்பிட்டு, நாளையில இருந்து வராண்டாம்னுட்டானுவ. அதான் எல்லாம் பெட்டிக்குள்ள வந்துட்டே, இனிமே மனுஷன் எதுக்கு? சர்டிபிகேட்டையும் குடுக்கல. வீடியோவை நாங்க என்ன வேணும்னாலும் செஞ்சுக்கிடலாம்னு கையெழுத்துப் போட்டாத்தான் தருவானுவளாம். அவரு போட மாட்டேங்காரு. நாலு தடவ வந்து இந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டுப் போறாரு. கருமம், பாக்கச் சகிக்கல."

லூர்து மேரி எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் அன்றைக்குத் தாளாளரின் மருமகன் அறைக்குப் போனாள். "நேர்ல படிக்கதுக்குத்தானே ஐயா சேத்தேன்?" என்று கேட்டாள்.

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேர்லதானேம்மா உக்காந்திருக்கா? வீட்டுல இருந்து படிக்கிறவங்களும் இதே வீடியோவைத்தான் போன்ல பாக்குறாங்க. உங்க பொண்ணுக்குப் பெரிய ஸ்கிரீன். ஏசி வேற போட்டிருக்கோம்."

அவள் வெளியே வந்துவிட்டாள். பொய் சொன்னாலாவது பரவாயில்லை. பொய் சொல்கிறவனுக்குப் பிடிபட்டுவிடுவோமோ என்று ஒரு பயமாவது இருக்கும். இவன் உண்மையையே சொல்கிறான், ஏசியையும் சேர்த்துச் சொல்கிறான். வீட்டில் இருக்கிறவனிடம் ஒன்றைச் சொல்லி விற்று, இங்கே வந்தவளிடம் அதையே வேறு பெயர் சொல்லி, கூடுதல் காசும் வாங்கி விற்றிருக்கிறார்கள். போதாததற்கு வண்ணார்பேட்டை பாலத்தடியில் ஆளுயரப் பலகை. 'அனுபவமிக்க பேராசிரியர்கள்' என்று போட்டு, நடுவில் குற்றாலலிங்கம் சாரின் சிரித்த முகம். வேலையை விட்டு அனுப்பிய பிறகு வைத்த பலகை அது. பஸ்ஸில் போகும்போது லூர்து மேரி அந்தப் பக்கம் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொள்வாள்.

ஒரு மாதத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. சார் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிற அந்த இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். நேரம் வீணாகிறதாம். ஜெர்லின் வீட்டுக்கு வந்து சொன்னாள். "யம்மா, இப்ப கேளுங்கன்னு சொன்ன உடனே அடுத்ததுக்குப் போயிருதாரு. சார் அப்படிச் செய்யவே மாட்டாருல்லா? எனக்கு அங்கன இருக்கப் பிடிக்கல." அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகளும் போகிறோம் என்றார்கள். இரண்டு வருடக் கட்டணத்தையும் முழுசாகக் கட்டாமல் சான்றிதழ் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். லூர்து மேரிக்கு எது சரி என்று பிடிபடவில்லை. பாதியில் எடுத்தால் மகளின் படிப்புப் போகும். விட்டால் மகளே போய்விடுவாள் போலிருந்தது. கோயிலுக்குப் போய் அந்தோணியாரிடம் அழுதாள்.

அந்த வாரத்தில்தான் அவள் சாரைக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார் என்றும், சான்றிதழ்கள் தை மாதம்தான் கைக்கு வந்தன என்றும் கொம்பையா சொல்லிக் கேள்வி.

அன்றைக்கு வாசலில், கொம்பையாவின் ஸ்டூலில் சார் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். லூர்து மேரியைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஜெர்லின் எப்படி இருக்கா அக்கா?" என்று அவர் கேட்டு வாயை மூடவில்லை, மருமகனின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சார், நல்லதாப் போச்சு. இந்தம்மா பொண்ணு போறேன்னு நிக்குதாம். அது போனா கூட நாலஞ்சு போகும். நீங்க கூட்டிட்டு வந்த பிள்ளைதானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருக்கும். சொல்லிட்டு ஆபீஸுக்கு வாங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாம், சர்டிபிகேட்டை இப்பவே தரச் சொல்றேன்."

சார் காரைப் பார்த்தார். கண்ணாடி முகப்பைப் பார்த்தார். அந்த இரும்புப் பெட்டிக்குள் அவர் அப்பா தைத்த மூட்டைகளெல்லாம் இருந்தன. லூர்து மேரிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் அவர்மேல் வருத்தப்படக் கூடாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சரி, சொல்லுதேன்" என்றார் சார்.

மருமகன் சிரித்தான். கார் நகரவில்லை. கேட்டுவிட்டுத்தான் போவான் போலிருந்தது.

சார் அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தணிக்கவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அதே குரல்.

"அக்கா, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குதாங்க. சர்டிபிகேட்டைப் பிடிச்சு வைக்க இவங்களுக்கு உரிமை கிடையாது. ஜெர்லினோடதுக்கு நீங்க குடுங்க, என்னோடதுக்கு நான் குடுக்கேன். எப்சி படிக்குத இடத்துலயே அவளைச் சேத்துருங்க. போன்ல வந்தாலும் பரவால்ல. அங்கன ஞாயித்துக்கிழமை ஒரு ஆளு உக்காந்து பதில் சொல்லுதாரு. நான் இருக்கேன்னு சொல்லி இங்கன கூப்பிட்டது நான்தான். இப்ப இங்கன நான் இல்ல அக்கா. பிள்ளையை எடுத்துருங்க."